பசு பேசாத கதை



கடந்த திங்கட்கிழமை பள்ளி முடிந்து மாணவர்களை வெளிவாயிலில் அனுப்பிக்கொண்டு நின்றபோது, தாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் மூன்றாம் ஆண்டில் பயில்கிறான். மாவட்ட நிலைக் கதை சொல்லும் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து செல்லவிருப்பவன் அவன்தான்.

"ஐயா, கதை முழுசும் மனப்பாடமா வருது. கை அசைவெல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டான். ஆனா அந்த அழுகைதான் வரமாட்டேங்குது. நீங்கதான் கொஞ்சம் அழக் கத்துக் கொடுக்கணும்" என்றார்.

"சரிங்கம்மா, பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால், அன்று முழுதும் அந்தச் சொற்கள் என்னை விட்டு அகலவில்லை. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முந்தைய ஆண்டு முதற்பரிசு பெற்ற பிள்ளை மேடையில் கண்ணீர் விட்டதை அவர் காணொளியில் பார்த்திருக்கிறார். பரிசுக்கு வழி அதுதான் என்று அவர் எண்ணியதில் என்ன பிழை? அந்த வழியைப் பெற்றோருக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தாம். நானும் அவர்களில் ஒருவன். பயிற்றுநராக இருந்தபோது பிள்ளைகளை அழ வைத்திருக்கிறேன். நடுவராக அமர்ந்தபோது அழுத பிள்ளைக்குக் கூடுதல் புள்ளி போட்டிருக்கிறேன்.

2012-ஆம் ஆண்டு நடந்த ஒன்றை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

அந்த ஆண்டும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்திக் கொண்டிருந்தேன். நல்ல குரல், தெளிவான பலுக்கல். லகர ளகர ழகர வேறுபாடு அந்த வயதிலேயே அவள் நாவில் பிசிறின்றி வரும். நான் தேர்ந்தெடுத்த கதை மனுநீதிச் சோழன். திருவாரூரில் அரசாண்ட சோழன். அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி. இளவரசனின் தேர்க்காலில் அகப்பட்டு இறந்த கன்று. நீதி கேட்டு வந்த தாய்ப்பசு. ஐந்து மணித்துளிக்குள் சொல்லி முடிக்கத் தக்க கதை. பாடநூல் வழியாகவும் வீட்டார் வழியாகவும் எல்லாரும் அறிந்த கதை.

எல்லாரும் அறிந்த கதை என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. நடுவர்களை எப்படி உலுக்குவது? எனவே, பசுவுக்கு நானே ஒரு புலம்பல் எழுதிக் கொடுத்தேன். கன்றை இழந்த பசு மனிதர்போல் வாய்விட்டுக் கதறும், மார்பில் அடித்துக்கொள்ளும், மண்டியிடும், அரசனைப் பார்த்துக் கேள்வி கேட்கும். பன்னிரண்டு வரிகள். எந்த வரியில் குரல் உடைய வேண்டும், எந்த வரியில் இடக்கை மார்புக்குச் செல்ல வேண்டும், எங்கே முழங்கால் தரையில் பட வேண்டும் என்பதையெல்லாம் வகுத்திருந்தேன். தரையில் சுண்ணக்கட்டியால் அடையாளம்கூட இட்டிருந்தேன். நாள்தோறும் பள்ளி முடிந்த பின் ஒரு மணி நேரம். "இன்னும் கொஞ்சம் அழுத்தமா!" என்பதே நான் அதிகம் சொன்ன சொல்லாக இருந்திருக்கும். அவள் மறுத்துப் பேசியதே இல்லை.

போட்டி நாளன்று மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிகளில் மற்றப் பள்ளிகளின் மாணவர்கள் அமர்ந்திருந்தனர். அவள் நன்றாகவே தொடங்கினாள். மணி ஒலித்த இடம் வரை குறையே இல்லை. பிறகு பசுவின் புலம்பல் வந்தது. கற்றுக் கொடுத்தபடியே மார்பில் கை வைத்து, கற்றுக் கொடுத்தபடியே குரலை உடைத்து, "ஐயோ" என்று அலறி மண்டியிட்டாள். முன்வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்துவிட்டான். அடுத்தவனுக்கும் தொற்றியது. ஆசிரியர் ஒருவர் அதட்டவும் சிரிப்பு அடங்கிப்போயிற்று. ஆனால், அவள் எழவில்லை. மண்டியிட்டபடியே எங்கள் பக்கம் பார்த்தாள். அடுத்த வரி மறந்துவிட்டது. மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தாள்.

கீழே இறங்கி வந்தவள் அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. என் முன்னால் நின்று, "மன்னிச்சிருங்க ஐயா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்றேன். அதாவது, அந்த மன்னிப்பை நான் ஏற்றுக்கொண்டேன்!

இது நடந்து சில வாரங்கள் சென்றிருக்கும். 2012 ஆகஸ்டு 5, ஞாயிற்றுக்கிழமை. இலண்டன் ஒலிம்பிக்கில் ஆடவர் ஒற்றையர் பூப்பந்து இறுதியாட்டம். நம் டத்தோ லீ சோங் வெய்யும் சீனாவின் லின் டானும். நான்கு ஆண்டுகளுக்கு முன் பெய்ச்சிங்கில் இதே இருவர் மோதிய இறுதியாட்டத்தில் 12-21, 8-21 என்று நாம் தோற்றிருந்தோம். இம்முறை லீக்குக் கணுக்காலில் வேறு காயம். மே மாதம் வூஹானில் நடந்த தாமஸ் கிண்ணப் போட்டியில் பட்டது. ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூடப் பெற்றிராத நாடு நம்முடையது. அந்த முதல் தங்கத்தை ஒரு மனிதனின் கணுக்கால்மேல் ஏற்றி வைத்துவிட்டு நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தது.

நான் பார்த்தது எங்கள் பட்டணத்து மாமாக் உணவகம் ஒன்றில். நாற்காலி கிடைக்கவில்லை, சாலையோரம் வரை கூட்டம் நின்றது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு! முதல் ஆட்டம் 21-15, நமக்கு. இரண்டாவது 10-21, அவருக்கு. மூன்றாவது ஆட்டத்தில் புள்ளிகள் இழுபறியாக ஏறிக்கொண்டே போயின. கடைசி நேரத்தில் அங்கே எழுந்த அமைதியை இன்றும் என்னால் நினைவுகூர முடிகிறது. தே தாரிக் ஆற்றிக் கொண்டிருந்தவர் இரண்டு குவளைகளையும் கையில் பிடித்தபடி ஆற்றாமல் நின்றார். 19-21. ஆட்டம் முடிந்தது.

அங்கிருந்து வீடு திரும்பும் வழியில் நான் எண்ணியது தோல்வியைப் பற்றியன்று. அத்தனை பேரையும் மூச்சடக்கி நிற்க வைத்தது எது என்பதைப் பற்றி. லீ சோங் வெய் எங்கும் நடிக்கவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அடுத்த பந்தை எடுத்தார், வியர்வையைத் துடைத்தார், கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவர் தம் வேலையைத்தான் செய்து கொண்டிருந்தார். அழுகையும் அச்சமும் நம்பிக்கையும் எங்களிடம்தான் இருந்தன.

விளையாட்டின் விதிகளே அதற்கு இடம் விட்டு அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய முறையில் பந்தை எய்பவர் மட்டுமே புள்ளி பெற முடியும். 2006-இல் 21 புள்ளி முறை வந்த பிறகு ஒவ்வோர் எய்தலுக்கும் யாருக்கேனும் ஒரு புள்ளி உண்டு. ஒருவர் 11 புள்ளியை எட்டியதும் ஒரு மணித்துளி ஓய்வு. மூன்றாம் ஆட்டமானால் அந்த இடத்தில் பக்கமும் மாற வேண்டும். 20-20 ஆகிவிட்டால் இரண்டு புள்ளி வேறுபாட்டில்தான் வெல்ல முடியும். அதுவும் நீண்டுகொண்டே போனால் 30-ஆவது புள்ளியில் முடியும். பாருங்கள், எங்கே நிறுத்துவது, எங்கே காத்திருக்க வைப்பது என்பதை ஒரு நல்ல கதைசொல்லியைப் போலவே அந்த விதிகள் அறிந்து வைத்திருக்கின்றன! ஓய்வுக்குரிய அந்த ஒரு மணித்துளியில் திடலில் எதுவுமே நடப்பதில்லை. ஆனால், பார்ப்பவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது அப்போதுதான்.

ஆட்டத்துக்குப் பிறகு லீ சோங் வெய் தம் டுவிட்டர் பக்கத்தில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தார். மறுநாள் ஆசிரியர் அறையில் ஒருவர் அதைச் சொன்னார். "பாவம், அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? நாம்தான் அவரிடம் கேட்க வேண்டும்" என்று இன்னொருவர் சொன்னார். எல்லாரும் ஒப்புக்கொண்டனர். நானும் தலையாட்டினேன். தலையாட்டிக் கொண்டிருக்கும்போதே "மன்னிச்சிருங்க ஐயா" என்ற குரல் எனக்குக் கேட்டது.

இங்கே என் இளமைக் காலத்து நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது பேராக்கில் ஒரு கித்தாத் தோட்டத்தில். மாசி மாதம் வந்தால் காமன் கூத்து நடைபெறும். மன்மதனைச் சிவபெருமான் நெற்றிக்கண்ணால் எரிப்பதும் ரதி புலம்புவதும்தான் கதை. முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆண்டுதோறும் அதே மன்மதன், அதே எரிப்பு. ஆனாலும், இரவு முழுதும் லயத்து மக்கள் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து பாட்டுக்குப் பாட்டு வாதாடுவதும் உண்டு.

ரதி வேடம் கட்டியவர் எங்கள் வரிசையிலேயே மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர். காலையில் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் சீவப் போகிறவர். எல்லாருக்கும் மாமா, எனக்கும் மாமாதான். பெட்ரோமாக்ஸ் விளக்கு வெளிச்சத்தில் அவர் ரதியாக நின்று பாடும்போது என் பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். தண்டல்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புலம்பலில் அவர் ஓரிடத்தில் பாட்டை நிறுத்துவார். ஏழெட்டு நொடி இருக்கும். சாம்பலாகக் கிடக்கும் இடத்தைக் குனிந்து பார்ப்பார். அவ்வளவுதான். கூட்டத்தில் பெண்களின் விசும்பல் எழுவது அந்த ஏழெட்டு நொடிக்குள்தான்.

ஓராண்டு, எனக்குப் பத்து வயதிருக்கும், புலம்பல் முடிந்தவுடன் திரைக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். மாமா ரதியின் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு கறுப்புக் கோப்பி குடித்துக் கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை! எனக்குப் பெரிய ஏமாற்றம். "மாமா, நீங்க அழலையா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நானும் அழுதுட்டா பாட்டை யாருடா பாடுறது?" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நிகழ்ச்சியை வேடிக்கைக் கதையாகத்தான் பலரிடம் சொல்லி வந்தேன். அந்த மனிதர் எனக்கு ஒரு பாடம் நடத்தியிருக்கிறார் என்பது 2012 வரை எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரியில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் படித்தேன், தேர்வும் எழுதினேன். மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன் என்பதெல்லாம் மனப்பாடம். அழுகை என்பது இழிவுபடுத்தப்படுவதாலும், உரியதை இழப்பதாலும், நிலை தாழ்வதாலும், வறுமையாலும் பிறக்கும் என்று எழுதி முழுப் புள்ளியும் வாங்கியிருப்பேன். ஆனால், ஒரு பிள்ளைக்குக் கதை சொல்லக் கற்பிக்கும்போது அந்தக் காரணங்களை விட்டுவிட்டுக் கண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டேன். பசு எதை இழந்தது என்று அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அதே கல்லூரியில் உளவியல் பாடத்தில் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1908-இல் வெளியிட்ட ஆய்வையும் படித்தோம். எலிகளுக்கு வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து நுழையப் பழக்கினார்கள். தவறான பெட்டிக்குள் போனால் சிறு மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தவரை அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாட்டைக் கண்டறிவது கடினமானபோதோ நடுத்தர அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன. அதற்குமேல் போனால் கற்பது மந்தமாகியது. மனிதருக்கு இதை அப்படியே பொருத்துவதில் பல மறுப்புகள் உண்டு என்பதும் உண்மையே. ஆனால், வகுப்பறையில் நிற்கும் எவரும் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். திடலில் நூறு மீட்டர் ஓடும் பிள்ளையை எல்லைக்கோட்டில் நின்று கத்தி விரட்டினால் இன்னும் வேகமாக ஓடக்கூடும். ஓட மட்டும்தானே வேண்டும்! தொடர் ஓட்டத்தில் குச்சியை வாங்கக் கை நீட்டி நிற்கும் பிள்ளையைப் பார்த்து அதேபோல் கத்திப் பாருங்கள். குச்சி கீழே விழும். எங்கள் பள்ளி இல்ல விளையாட்டுப் போட்டியில் விழாத ஆண்டே இல்லை எனலாம். விழுந்த பின் தந்தைமார் இன்னும் உரக்கக் கத்துவார்கள்! ஐந்து மணித்துளிக்குக் கதையை நினைவில் வைத்து, குரல் ஏற்றி இறக்கி, கை கால் அசைத்து, அறியாத மனிதர் முன் நிற்பது எவ்வளவு கடினமான வேலை! அதன்மேல் "அழு" என்றும் ஏற்றி வைத்தேன்.

மீண்டும் அந்த மாணவியிடம் வருகிறேன்.

பெருநாள் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில நாளில் ஒரு பிற்பகல், நல்ல மழை. பள்ளி வேன்கள் தாமதமாகிவிட்டன. வேனுக்குக் காத்திருக்கும் கொட்டகையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் வட்டமாக அமர்ந்திருந்தனர். நடுவில் அவள். கொட்டகைக்குப் பின்னாலிருந்த படிக்கட்டருகே மழைக்கு ஒதுங்கி நின்ற என்னை அவர்கள் பார்க்கவில்லை. அவள் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லிக் கொண்டிருந்தாள்.

"அந்த மணிய யாருமே அடிச்சதில்ல. அதுல சிலந்தி கூடு கட்டியிருந்துச்சு" என்றாள். சிலந்திக்கூடு என் கதையில் இல்லை! அவளாகவே சேர்த்தது.

"ஒருநாள் மணி அடிச்சுச்சு."

இவ்வளவு சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து குடிக்கத் தொடங்கினாள். ஒரு சின்னவன் பக்கத்தில் இருந்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "யாரு அக்கா அடிச்சா?" என்றது ஒரு குரல். அவள் மூடியைத் திருகி மூடினாள்.

"காவல்காரன் ஓடிப் போய்ப் பார்த்தான். ஆளே இல்ல."

மறுபடியும் நிறுத்தம். மழை கொட்டகைத் தகரத்தில் இரைந்து கொண்டிருந்தது.

"அப்புறம் அக்கா?"

"ஒரு மாடு நின்னுச்சு."

"மாடு என்ன சொல்லுச்சு?"

"மாடு எப்படிடா பேசும்? சும்மா நின்னுச்சு. ராஜாவப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு."

எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. வேன் வந்து ஒலியெழுப்பியது, ஒருவரும் எழவில்லை. ஓட்டுநர் இரண்டாம் முறை ஒலியெழுப்பிய பிறகுதான் புத்தகப்பைகளைத் தூக்கினார்கள். "மிச்சம் நாளைக்கு" என்றாள் அவள். ஒரு சிறுமி வேன் படியில் ஏறி நின்று திரும்பி, "அந்த ராஜா நல்லவரா அக்கா?" என்று கேட்டதும் என் காதில் விழுந்தது.

அந்தக் கணம் எனக்குப் பெருமகிழ்ச்சி. "அருமையா சொன்னேம்மா!" என்று சொல்லிக்கொண்டே படிக்கட்டிலிருந்து வெளியே வந்தேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவளுடைய கால்கள் சேர்ந்தன, தோள்கள் நிமிர்ந்தன, இடக்கை தானாக மார்புக்குப் போயிற்று. நான் பழக்கிய நிலை அது. சுண்ணக்கட்டி அடையாளம்கூட இல்லாத இடத்தில் அவள் பாதங்கள் அடையாளத்தைத் தேடி நின்றன. முகம் மட்டும் வெறுமையாக இருந்தது. சற்றுமுன் அங்கே கதை சொல்லிக் கொண்டிருந்த பிள்ளை எங்கே போனாள்?

அப்போதாவது நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆசிரியன் என்ற எண்ணம் தடுத்தது. "மழையில நனையாம போம்மா" என்று மட்டும் சொன்னேன். பின்னர் அவள் ஆறாம் ஆண்டு வரை எங்கள் பள்ளியில்தான் படித்தாள். கட்டுரை நன்றாக எழுதுவாள். மேடைப் போட்டி எதற்கும் பெயர் கொடுத்ததில்லை. அவளைக் கேட்கும் துணிவும் எனக்கு இருந்ததில்லை.

அன்றிரவு வீட்டில் பெரியபுராணத்தை எடுத்துத் திருநகரச் சிறப்பைப் படித்துப் பார்த்தேன். சேக்கிழாரின் பசுவுக்குக் கண்ணீர் உண்டு, பேச்சு இல்லை. மணியை அடித்துவிட்டு அது நிற்கிறது. அரசன் பார்க்கிறான், இதற்கு என்ன நேர்ந்தது என்று அமைச்சர்களைத்தான் வினவுகிறான். அமைச்சர் ஒருவர் எடுத்துச் சொல்லித்தான் நடந்தது அவனுக்குத் தெரிகிறது. தன் மகனே கொன்றான் என்பதை வாயில்லாப் பசுவின் முன் நின்று இன்னொருவர் வாயால் கேட்க வேண்டிய நிலை அவனுக்கு! பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பேசாமல் விட்டு வைத்த பசுவுக்குப் பன்னிரண்டு வரி வசனம் எழுதிக் கொடுத்தவன் நான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது. மாடு எப்படிப் பேசும்?

அதற்குப் பிறகு நான் பயிற்றுவித்த பிள்ளைகளை அழச் சொல்லவில்லை. இதனால் பரிசுகள் குவிந்தன என்று சொல்ல ஆசைதான், உண்மை அப்படியில்லை. இரண்டு முறை மாநில நிலை வரை சென்றோம். பல ஆண்டு மாவட்டத்தோடு திரும்பினோம். "உணர்ச்சி போதவில்லை" என்று ஒரு நடுவர் குறிப்பெழுதியிருந்தார். என் உடன்பணியாளர் ஒருவர் இன்றளவும் என்னோடு வாதிடுவார். "மேடை வேறு, கொட்டகை வேறு ஐயா. முந்நூறு பேருக்குத் தெரிய வேண்டுமென்றால் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். கூத்தில் இல்லாத மிகையா?" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. கூத்தில் மிகை உண்டு. ஆனால், அந்த மிகை கட்டிய வேடத்திலும் அடவிலும் பாட்டிலும் இருக்கிறது. அவை வழிவழியாகக் கற்றுத் தேர்ந்தவை. ரதி வேடக்காரரின் சொந்த நெஞ்சை யாரும் பிழியச் சொல்லவில்லை. எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் நாம் அதைத்தான் கேட்கிறோம். அழுகை வருவதற்காக இறந்துபோன தாத்தாவை நினைத்துக்கொள்ளச் சொன்ன பயிற்றுநர்களும் உண்டு. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

லீ சோங் வெய் 2016-இல் ரியோவுக்கும் சென்றார். அரையிறுதியில் லின் டானை 15-21, 21-11, 22-20 என்று வென்றார். மறுநாள் இறுதியில் சென் லோங்கிடம் 18-21, 18-21 என்று தோற்றார். மூன்று ஒலிம்பிக், மூன்று வெள்ளி. 2019 ஜூனில் ஓய்வு பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை நம் நாட்டுக்குத் தங்கம் கிட்டவில்லை. ஆனால், அந்த மூன்றாம் ஆட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஆசிரியர் அறையில் இன்றும் பாடவேளை மணி அடிப்பது ஒருவருக்கும் கேட்பதில்லை.

சரி, திங்கட்கிழமை வந்த தாயின் மகனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவன் சொல்லப் போவது அரிச்சந்திரன் கதை. பாம்பு தீண்டி இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி மயானத்துக்கு வரும் இடத்தில்தான் அழுகை வரவில்லையாம். செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்ததும் அவனை நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். எழுந்து நின்று தொடங்கப் போனவனை உட்காரச் சொன்னேன். அசைவு வேண்டாம், கதையை மட்டும் சொல் என்றேன். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

மயானக் கூலி கேட்கும் இடம் வந்தது. நிறுத்தினேன்.

"அவங்க கையில காசு இருந்துச்சா?"

"இல்லை ஐயா."

"கூலி கேட்டது யாரு?"

"அரிச்சந்திரன்."

சொல்லிவிட்டு அவனும் நிறுத்திக்கொண்டான். மேசை விளிம்பைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தான். நான் காத்திருந்தேன். நூலகப் பொறுப்பாசிரியை சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார், நான் கையமர்த்தினேன்.

"ஐயா, அவங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் அடையாளம் தெரியலையா?"

"நீ என்ன நினைக்கிற?"

"இருட்டா இருந்திருக்கும்" என்றான். பிறகு, "குரல் தெரிஞ்சிருக்குமே, ஐயா" என்றான்.

போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவனுடைய தாயாரிடம் வெள்ளிக்கிழமை பேச வேண்டும்.